நிமிர்த்தப்பட்ட கல்வெட்டுகள்

ஆனேக்கல் வட்டத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் புதிய செய்தியல்ல. லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியிலேயே அவை உள்ளன. இன்று இத்தகைய கல்வெட்டுச் சுவர்களை ஆர்வலர்கள் துண்டு துண்டாகப் படமெடுத்து, மென்பொருளால் ஒட்டி, நீள்படமாகப் பதிவிடுகின்றனர். நல்ல முயற்சி. ஆயினும் கேமராவை மட்டமாக நிறுத்தும் பொறுமை அரிதாகவே காணப்படுகிறது. கேட்டால், மென்பொருள் நிமிர்த்திவிடும் என்கிறார்கள்.

நிமிர்த்தும்தான். சாய்ந்த படங்களை ஒட்டினால் விளிம்பு படிக்கட்டாக இறங்கும். அதை வெட்டிச் சீராக்குகையில் மேல்வரியோ கீழ்வரியோ போய்விடும். அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. மண் உள்வாங்கிச் சுவரே தாழ்ந்திருந்தால், அத்தாழ்வையும் மென்பொருள் நேராக்கிவிடும். சாய்ந்தது கட்டடமா, கேமராவா என்பதைப் பின்னாளில் பார்ப்பவர் எவ்வாறு அறிவார்?

லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு இணைத்தார். மெழுகுக் காகித நெகட்டிவ் காலம் அது. எந்த மென்பொருளை நம்பியிருக்க முடியும்?

கேமராவின் குமிழியை மட்டும் பார்ப்பது போதாது. முக்காலியின் அடித்தளம் சாய்ந்திருந்தால், திருப்பத் திருப்ப மட்டம் மாறும். நீண்ட சுவருக்கோ திருப்புவதே தவறு; ஒரே தொலைவில், சுவருக்கு இணையாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார்கள் குழாயில் நீர் நிரப்பி மட்டம் குறிப்பார்களே, அவ்வாறே சுவரின் இரு முனைகளிலும் குறித்து ஒரு நூல் கட்டுங்கள். அந்நூலும் படத்தில் விழட்டும். அழகு கெடுகிறது என்போர் அதற்கென வேறொரு படம் எடுத்துக்கொள்ளலாம்.