ஜாமீன் கேட்கும் மாமாவிடம் நாசூக்கா 'முடியாது' சொல்றது எப்படி?

'சவ்வார்-ஃபேர்' என்ற பிரெஞ்சு வார்த்தை ஆபீஸ்ல எப்பவாவது காதுல விழுந்திருக்கும். 'சவ்வார்' என்றால் தெரிந்திருப்பது, 'ஃபேர்' என்றால் செய்வது. பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் தொழில் திறமைக்குத்தான் இதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில், எந்த இடத்தில் எதை எப்படிப் பேசணும்னு தெரிஞ்ச பக்குவத்துக்குச் சொல்கிறார்கள். நம்ம ஊர்ல அதுக்குப் பேரு இங்கிதம். பேச்சு வழக்கில், நாசூக்கு.

இதுக்கும் உங்க சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வள்ளியூர் வந்து இறங்குறீங்க. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம். காபி குடிச்சு முடிக்கல, மாமா வந்துட்டார். "மருமவனே, அஞ்சு லட்சம் லோன் போடுறேன். நீ ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு, பணத்தை நான் கட்டிருவேன்."

நிறைய பேர் அம்மா முகத்தைப் பார்த்துட்டுக் கையெழுத்து போட்டுடறாங்க. அது இங்கிதம் இல்ல, கூச்சம். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. மாமா தவணை கட்டலைன்னா வங்கி நேரா உங்ககிட்ட கேட்கலாம். உங்க சிபில் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும். நாளைக்கு உங்க வீட்டுக் கடனுக்கு அது குறுக்கே நிற்கலாம்.

அதுக்காக "அதெல்லாம் முடியாது"ன்னு வெட்டிப் பேசுறதும் சரியில்ல. நீங்க காலேஜ் சேரும்போது ஃபீஸ் கட்ட ஓடி வந்தவரே அவரா இருக்கலாம்.

என் கருத்து இதுதான். தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, நாலு பேர் முன்னாடி வேண்டாம். அன்னைக்கே சொல்லுங்க. "பார்க்கலாம் மாமா"ன்னு இழுத்தா, அவர் உங்களை நம்பி வேற வழி தேடாம இருந்துடுவார். பொய்க் காரணமும் வேண்டாம். "மாமா, யாருக்குமே ஜாமீன் போடறதில்லன்னு வச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு பேங்குக்கு நானும் கூட வர்றேன்" என்று சொன்னால் போதும். போய், நகைக் கடன் வட்டி எவ்வளவுன்னு விசாரிச்சுக் கொடுங்க. திரும்ப வராட்டியும் உங்களால் தாங்க முடிகிற தொகை இருந்தா, கடனா இல்லாம உதவியாவே கொடுங்க.

அன்னைக்கு மாமா முகம் சுருங்கத்தான் செய்யும். ஆனா கட்டாத கடன் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வந்தா, அடுத்த பொங்கலுக்குப் பேச்சே இருக்காது. சின்ன வருத்தத்தை இன்னைக்கே ஏத்துக்கிட்டு உறவைக் காப்பாத்துறதுதான் உண்மையான இங்கிதம்.