ஈறுக்கு லேசர்: விளம்பரத்தில் வராத பகுதி

"வலி இல்லை, ரத்தம் இல்லை, லேசர் அடிச்சா ஈறு மறுபடியும் பல்லோடு ஒட்டிக்கும்." இந்த மாதிரி ரீல்ஸை அனுப்பி "டாக்டர், பண்ணலாமா?"ன்னு கேக்கறவங்க அதிகமாயிட்டாங்க. நான் பல் டாக்டர் இல்லைங்க, எம்பிபிஎஸ். ஆனா அரசு ஆஸ்பத்திரி சர்க்கரை ஓபியில் உட்கார்றவனுக்கு ஈறு நோய் தினமும் கண்ணில் படும். அதனால் இந்த இழை.

ஈறு நோயில் ஈறுக்கும் பல் வேருக்கும் நடுவில் பை மாதிரி பள்ளம் விழும். உள்ளே வேர் மேல் கிருமிப் படலமும் காறையும் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் வீக்கம் வடிந்து ஈறு வேரை இறுக்கிப் பிடிக்கும். இதுதான் ஸ்கேலிங், ரூட் பிளானிங். சுரண்டிய வேரில் மெல்லிய தூள் படிவு மிஞ்சும். எர்பியம் லேசர் அதை நீக்கினால் செல்கள் நன்றாக ஒட்டும் என்பது கணக்கு. பிடுங்கின பல்லை வைத்து ஆய்வகத்தில் செய்த சோதனைகளில் இதற்கு ஆதாரமும் இருக்கு. ஐடியா தப்பில்லை.

ஆனா நம்ம பல் வாயில இருக்கே! அங்கே ஸ்கேலிங்கோடு லேசரும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா? 2015ல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் வழிகாட்டுதல் லேசரை ஆதரிக்கலை. சாயம் விட்டுச் செய்யும் ஒளிச்சிகிச்சைக்கு மட்டும் அரைமனசா தலையாட்டியது. 2020ல் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு இரண்டுமே வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஸ்கேலிங்தான் இரண்டிலும் அடிப்படை.

"எஃப்டிஏ அப்ரூவ்ட் சார்" என்பார்கள். 2016ல் அனுமதி வாங்கியது ஒரு குறிப்பிட்ட என்டி-யாக் லேசர் முறை. அந்த வகை அனுமதிக்கு, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கருவிக்கு இது சமம்னு காட்டினால் போதும். ஸ்கேலிங்கை விட மேல்னு நிரூபிக்க வேண்டியதில்லை. தெருமுனை கிளினிக்கில் இருக்கும் விலை குறைந்த டயோடுக்கு அந்தப் பெருமையை ஒட்டவைக்கறது அநியாயம். டயோடால் காறையை எடுக்கவே முடியாது. கை தவறினால் வேர் கருகும். கருகின இடத்தில் செல் ஒட்டாது. ஒட்டவைக்கத்தானே காசு கொடுத்தீங்க?

என் கோபம் கருவி மேல இல்லை. நகையை அடகு வைத்து லேசர் பண்ணிக்கொண்ட ஒரு அம்மா, ஈறு இன்னும் வீங்கியபடி வந்தாங்க. ஹெச்பிஏ1சி 11. அந்த கிளினிக்கில் சர்க்கரை இருக்கான்னு ஒருத்தரும் கேக்கலை. சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது, ஈறு அழுகினால் சர்க்கரை இறங்காது. பீடி, சிகரெட், புகையிலையும் இதே லிஸ்ட்தான். இதைச் சொல்ல மெஷின் வேண்டாம், ஆனா பில்லும் போட முடியாதே.

இன்னொரு பயம், "க்ளீன் பண்ணினா பல் ஆடும்." எலும்பு கரைஞ்சு ஏற்கெனவே ஆடுற பல்லைக் காறை சிமெண்ட் மாதிரி பிடிச்சிருந்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியுது, அவ்வளவுதான். அரசு ஆஸ்பத்திரி பல் ஓபிக்குப் போங்க. காத்திருக்கணும், அது உண்மை.

லேசர்தான்னு முடிவு பண்ணிட்டா இதையாவது கேளுங்க: எந்த வகை லேசர்? முதலில் ஸ்கேலிங் உண்டா? பள்ளத்தின் ஆழத்தை இப்பவும் மூணு மாசம் கழிச்சும் மில்லிமீட்டரில் எழுதித் தருவீங்களா?

கமென்ட்டில் திட்ட வரும் பல் டாக்டர் நண்பர்களே, மனிதர்களிடம் செய்த ஆய்வா லிங்க் போடுங்க. நைட் டியூட்டி முடிச்சு படிச்சுட்டு பதில் சொல்றேன்.