தேடிக் கிடைக்காதவரின் கணக்கு

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், அரசு நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்க இது வழி செய்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் வழியாகச் செயல்படும் இத்திட்டத்தில், ஐஐடியில் படிப்பவரும் சிறு நகரத்து அரசுக் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவரும் ஒரே இதழ்களைப் படிக்கலாம். நெடுங்காலமாக நடந்திருக்க வேண்டிய காரியம் இது, மனமார வரவேற்கிறேன்.

மூன்று ஆண்டு முடிவில் ஒப்பந்தத்தைத் தொடர்வதா, திருத்துவதா என்று முடிவெடுக்க வேண்டிவரும். அப்போது கைக்கு எளிதாக வரக்கூடியது பதிவிறக்க எண்ணிக்கை. எந்தப் பதிப்பகத்தின் கட்டுரைகள் எத்தனை லட்சம் முறை இறக்கப்பட்டன என்று அது சொல்லும். ஆனால், அது கண்டெடுத்தவர்களின் கணக்கு மட்டுமே. தேடிக் கிடைக்காமல் விட்டவர், இப்படியொரு வசதி இருப்பதே தெரியாதவர், லாகின் வேலை செய்யாததால் நண்பரிடம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் கேட்டு வாங்கியவர் ஆகியோர் அதில் இல்லை. அவர்களைப் பற்றி அறிய வேண்டுமானால் நேரில் கேட்டாக வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1948-ல் லண்டன் ராயல் சொசைட்டி நடத்திய அறிவியல் தகவல் மாநாட்டிலேயே, விஞ்ஞானிகள் ஆய்விலக்கியத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கெடுப்பை ஜே.டி.பெர்னால் முன்வைத்தார். அமெரிக்காவில் டொனால்டு கிங் 1977-ல் தொடங்கி, பிறகு கேரல் டெனோப்பிருடன் சேர்ந்து நடத்திய தொடர் கணக்கெடுப்புகள் இத்துறையின் முதுகெலும்பு. அவர்களுடைய கேள்வி முறை எனக்கு மிகவும் பிடித்தது. ‘பொதுவாக எப்படித் தேடுவீர்கள்?’ என்று கேட்டால் எவரும் தான் செய்ய நினைப்பதைத்தான் சொல்வார். அவர்களோ, ‘கடைசியாகப் படித்த கட்டுரை எது, அது உங்கள் கைக்கு எப்படி வந்தது, எதற்காகப் படித்தீர்கள், எவ்வளவு நேரம்?’ என்று கேட்டார்கள். அந்தப் பதில்களின்படி, அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் 1977-ல் ஆண்டுக்குச் சுமார் 150 முறை கட்டுரை வாசித்தார்; 2005-ல் அது சுமார் 280 ஆனது. ஒரு கட்டுரைக்குச் செலவிடும் நேரமோ 48 நிமிடத்திலிருந்து 31 நிமிடமாகச் சுருங்கியது. எந்தப் பதிவிறக்கப் புள்ளிவிவரத்திலிருந்தும் இந்த இரண்டாவது தகவலைப் பெற முடியாது.

2007-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் பிராட்லி ஹெமிங்கரும் சகாக்களும், மாதிரிக்குச் சிலரைப் பொறுக்காமல், அறிவியல், மருத்துவத் துறை ஆய்வாளர்கள் அத்தனை பேருக்கும் வினாத்தாள் அனுப்பினார்கள். இணையத்தில் 15 நிமிடத்தில் நிரப்பக்கூடியது. 902 பேர் நிரப்பினார்கள். நூலகத்துக்கு நேரில் செல்வது குறைந்திருந்தது. இணைய வழித் தேடல் மேலோங்கியிருந்தது. அதே வினாத்தாள் பிறகு அமெரிக்கா தழுவிய ஆய்வுக்கும் பயன்பட்டது. ஐந்து பல்கலைக்கழகங்களில் 2,063 பேர் பதிலளித்த அந்த ஆய்வு 2010-ல் வெளியானது. கேள்விகள் ஒன்றாக இருந்ததால்தான் வளாகத்தை வளாகத்துடன் ஒப்பிட முடிந்தது. ஐந்து இடங்களிலும் தேடும் முறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தது. துறைகளின் அமைப்பையும் நூலக வளத்தையும் பொறுத்துச் சிறு வேறுபாடுகள் மட்டுமே தெரிந்தன.

இந்த முடிவை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது ஆபத்து. அந்த ஐந்தும் வசதியான ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும், அதற்கும் அதன் இணைப்புக் கல்லூரிக்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது. இங்கே முதலில் அளக்க வேண்டியதே அந்தத் தூரத்தைத்தான். நம் நூலக அறிவியல் துறைகளில் இதுபோன்ற ஆய்வுகள் நிறையவே நடக்கின்றன. ஆனால், பெரும்பாலும் ஒரு கல்லூரி, ஒரு வினாத்தாள், ஒரு பட்டம் என்று முடிந்துவிடுகின்றன. ஒருவரின் கேள்வி இன்னொருவரின் கேள்வியோடு ஒத்துப்போவதில்லை என்பதால், நூறு ஆய்வுகளைக் கூட்டினாலும் நாட்டின் சித்திரம் கிடைப்பதில்லை. உழைப்பு குறைவில்லை, ஒருங்கிணைப்புதான் இல்லை.

சேப்பல் ஹில் ஆய்வில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு எண்ணைப் பற்றி. பதிலளித்தவர்கள் 26 சதவீதம். மீதி 74 சதவீதத்தினர் எப்படித் தேடினார்கள்? இணைய வினாத்தாளை நிரப்புபவர் இணையத்தில் பழகியவராக இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதலாக இருக்கும். மின்னஞ்சலை வாரத்துக்கு ஒருமுறை திறக்கும் பேராசிரியரையும், நெறியாளர் அனுப்பியதை மட்டுமே படிக்கும் முதலாண்டு ஆய்வு மாணவரையும் இணைய இணைப்பு ஒன்றை அனுப்பிப் பிடிக்க முடியாது. கல்லூரி நூலகர்கள் அவர்களை நேரில் பார்த்துக் கேட்டால்தான் முடியும்.

உண்மையான பதிலைப் பெறுவதில் அச்சம் என்ற தடையும் இருக்கிறது. சந்தாக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தின் பதிவேட்டை ‘சயின்ஸ்’ இதழ் 2016-ல் ஆராய்ந்தது. ஆறு மாதங்களில் இறக்கப்பட்ட 2.8 கோடி கட்டுரைகளில் சுமார் 34 லட்சம் இந்தியாவிலிருந்து கோரப்பட்டவை. சந்தா வசதி நிறைந்த அமெரிக்கப் பல்கலைக்கழக நகரங்களிலிருந்தும் கோரிக்கைகள் குவிந்திருந்தன. சந்தா இல்லாதது மட்டுமே காரணமல்ல, முறையான வழி சிக்கலாக இருப்பதும் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அத்தளத்தை முடக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2025-ல் உத்தரவிட்டிருக்கிறது. பெயரும் ஊழியர் எண்ணும் கேட்கும் படிவத்தில் எந்த ஆய்வாளர் உண்மையை எழுதுவார்? பெயர் கேட்காத படிவம்தான் உண்மையைக் கொண்டுவரும்.

தேடும் வழி மாறினால் அறிவியலே மாறக்கூடும். சமூகவியலாளர் ஜேம்ஸ் எவன்ஸ் 2008-ல் 3.4 கோடி கட்டுரைகளை ஆராய்ந்து, பழைய இதழ்கள் இணையத்துக்கு வர வர, மேற்கோள்கள் புதிய கட்டுரைகள் சிலவற்றை நோக்கியே குவிகின்றன என்றார். வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்து, நேர்மாறான முடிவைக் காட்டினார்கள். அந்த விவாதம் தீரும் முன்பே செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்துவிட்டன. இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் சூட்டித் தரக்கூடியவை அவை. நம் ஆய்வு மாணவர்கள் இவற்றை எந்தக் கட்டத்தில் பயன்படுத்துகிறார்கள், கிடைத்ததைச் சரிபார்க்கிறார்களா என்பதை இப்போதே கேட்க வேண்டும்.

சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக வைத்தது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை. அந்த நேரம் எங்கே போகிறது என்று அளக்காமல் அதை மிச்சப்படுத்த முடியாது.

ஆகவே, 2027 முடிவதற்குள் நாடு முழுவதும் ஒரே வினாத்தாளில் ஒரு கணக்கெடுப்பு நடக்க வேண்டும். மத்திய நிறுவனங்கள், மாநிலப் பல்கலைக்கழகங்கள், இணைப்புக் கல்லூரிகள் என மூன்று அடுக்கிலும் அது நடக்க வேண்டும். ஒரே சந்தா திட்டத்தின் முதல் கட்டத்தில் இடம்பெறாத தனியார் கல்லூரிகளிலும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் ஆய்வாளர்கள் கணிசமானோர் அங்கேதான் இருக்கிறார்கள். கடைசியாகப் படித்த கட்டுரை எப்படிக் கிடைத்தது என்பதோடு, கடைசியாகத் தேடிக் கிடைக்காமல் கைவிட்ட கட்டுரை எது, எந்த இடத்தில் கைவிட்டீர்கள் என்ற கேள்வியும் அதில் இருக்கட்டும். கிடைக்கும் தரவை, பெயர் விவரம் நீக்கி, எவரும் ஆராயும்படி இன்ஃப்ளிப்நெட் பொதுவில் வைக்கட்டும். பதிப்பகங்களுடனான அடுத்த பேச்சுவார்த்தைக்குச் செல்லும் அதிகாரிகளின் கையில் பதிவிறக்க எண்ணிக்கையோடு இந்தப் பதில்களும் இருக்க வேண்டும்.