குறை சொன்ன வாயால்



திருகோணமலைச் சல்லியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கொப்பித் தாளில் இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் எனக்கு ஏச்சு. "சம்பந்தன் ஐயாவை இருக்கேக்கையும் விடேல்ல, போன பிறகும் விடேல்ல. அந்த மனுசனில நல்லது எண்டு ஒண்டுகூட உங்கட கண்ணில படேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில், முத்துமாரியம்மன் பொங்கலுக்கு வந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கட்டளை வேறு. எங்கள் பக்கத்துக் கோபம் சோறு போடாமல் முடியாது.

ஜூன் 30 நெருங்குகிறது. 2024இல் அந்த நாளில்தான் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் தமது 91ஆவது வயதில் கொழும்பில் காலமானார். வழக்கம்போல் அஞ்சலிக் கூட்டங்கள் நடக்கும். மேடையில் பெருந்தலைவர், முகநூலில் துரோகி. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆளைத் தேடினால் கிடைக்காது. ஆகவே அந்தச் சல்லி அம்மாவின் கேள்விக்கு இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதிவிடுகிறேன்.

முதலில், இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிய எதையும் நான் திரும்பப் பெறவில்லை. 2016 முடிவதற்குள் தீர்வு வரும் என்று நாள் குறித்துச் சொன்னார், வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் வெயிலிலும் மழையிலும் வீதியோரத்தில் இருந்தபோது, எதிர்க்கட்சித் தலைவரின் கதிரையில் இருந்தவர் அவர். அந்தக் கதிரை போன பிறகும் கொழும்பு உத்தியோகபூர்வ இல்லம் அவரிடமே இருந்தது. 87 வயதில் 2020 தேர்தலில் நின்றார். உடல் ஒத்துழைக்காமல் சபைக்குப் போவதே அரிதான பிறகும் ஆசனத்தை விடவில்லை. விலகுங்கள் என்று 2023இல் அவருடைய கட்சிக்குள்ளிருந்தே சொல்லவேண்டி வந்தது. தமக்குப் பின் யார் என்பதை ஒழுங்குசெய்யாமல் விட்டதன் பலனை, 2024 ஜனவரியில் திருகோணமலையில் நடந்த தமிழரசுக் கட்சித் தலைவர் தெரிவிலும், அது நீதிமன்றப் படியேறியதிலும் கண்டோம். இத்தனையும் அப்படியே நிற்கட்டும்.

சம்பந்தரைப் பாராட்ட எங்களுக்கு ஏன் வாய் வராமல் போனது என்பதையும் சொல்லவேண்டும். திருகோணமலை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் நாலு ஆசனம். மூன்று இனமும் கலந்து வாழும் இந்த மாவட்டத்தில் தமிழர் உறுதியாக எதிர்பார்க்கக்கூடியது ஒன்றுதான். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஒன்றும் இல்லாமல் போனது. அடுத்த ஆண்டு கூட்டமைப்பு உருவாகி, சம்பந்தர் வென்ற பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது. ஒரு தேர்தல் நேரம் சல்லியில் மீன் வாடியொன்றின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், இந்த முறை யாருக்கு என்று கேட்டேன். ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வீட்டுச் சின்னத்துக்குத்தான். ஐயா செய்தாரோ செய்யேல்லையோ எண்டு பார்க்க எங்களுக்கு வசதியில்லத் தம்பி. நாலில ஒண்டு. அதுவும் போனா, கதைக்க ஆளில்ல."

அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஐயாவைக் குறை சொன்னால் ஒற்றுமை குலையும், ஒற்றுமை குலைந்தால் ஆசனம் போகும் என்ற பயத்தில் பாராட்டு அரசுக்குக் கட்டும் வரியைப்போல் கட்டாயமானது. கட்டாயமாகப் பாராட்டச் சொல்லும் இடத்தில் மனமாரப் பாராட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது. குறை சொல்கிறவன் குறையோடு நின்றுகொண்டான், புகழ்கிறவன் ஐயாவின் தும்மலையும் புகழ்ந்தான். இப்போது அவர் இல்லை, வாக்குக் கேட்கவும் வரப்போவதில்லை. பயமில்லாமல் கணக்குப் பார்க்கலாம்.

என் கணக்கில் முதலில் வருவது 2018.

அந்த ஆண்டு ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவைத் தூக்கிவிட்டு மகிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். சபையில் பெரும்பான்மை சேரவில்லை என்றதும் நவம்பர் 9இல் பாராளுமன்றத்தையே கலைத்து வர்த்தமானி அடித்தார். அந்த நாட்களில் கொழும்பில் ஆள் பிடிக்கும் வேலை எப்படி நடந்தது என்பது ஊரறிந்தது. கூட்டமைப்பிலிருந்தும் மட்டக்களப்பு உறுப்பினர் ஒருவர் பிரதியமைச்சர் பதவியோடு மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் அசையவில்லை. கலைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில் முதன்மையானதில் மனுதாரர் பெயர் இராஜவரோதயம் சம்பந்தன். அவருக்காக எழுந்து வாதாடியவர் ஜனாதிபதி சட்டத்தரணி கனக ஈஸ்வரன். ஏழு நீதியரசர்கள் இருந்து கேட்டார்கள். நாலரை ஆண்டு முடியுமுன், சபையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் கேட்டாலன்றி ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று டிசம்பர் 13இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. டிசம்பர் 18இல் சபாநாயகர் எதிர்க்கட்சித் தலைவராக மகிந்தவை அறிவித்தார். வழக்குப் போட்டுச் சபையைத் திறந்துகொடுத்தவர், திறந்த சபையில் தம்முடைய கதிரையை இழந்தார். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த ஒரே தமிழர் அவர்தான். இதைப் பற்றி அவர் வெளியில் புலம்பி நான் கேட்டதில்லை.

அப்போது இங்கே எல்லாரும் கேட்ட கேள்வி, எங்களுக்கு என்ன கிடைத்தது என்பது. ரணிலைக் காப்பாற்றினீர்களே, அரசியல் கைதிகளில் ஒருவரையாவது வெளியே எடுத்தீர்களா, எழுத்தில் ஒரு வரியாவது வாங்கினீர்களா? நியாயமான கேள்வி; இன்றைக்கும் கேட்பேன். ஆனால் ரணிலுக்குக் கொடுத்த ஆதரவு வேறு, அந்த வழக்கு வேறு. ஆதரவு கொடுக்கும்போது பேரம் பேசியிருக்கவேண்டும். வழக்கில் பேரம் பேச எதுவுமில்லை. கலைத்தது சட்டமா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. இந்த நாட்டில் சட்டத்தை மீறி ஒருவர் எதையும் செய்யலாம் என்றானால் அதன் சூடு முதலில் யார் முதுகில் விழும் என்பது எங்களுக்குத் தெரியாததா? 1977இல் இந்த மாவட்டம் அவரை முதன்முதல் சபைக்கு அனுப்பியது. 1983இல் ஆறாம் திருத்தம் வந்தபோது பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்ற அதன் உறுதிமொழியை எடுக்க மறுத்து, சபைக்குப் போகாமல், ஆசனத்தை இழந்தார். அதே அரசியலமைப்பின் பெயரால் 35 ஆண்டு கழித்து அவரே வழக்காடப் போனதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. நாட்டின் மற்ற எல்லாருக்காகவும் ஒரு திருகோணமலைத் தமிழர் போட்ட வழக்கு என்றுதான் அதை நான் பார்க்கிறேன். சட்டம் படிக்கும் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இன்று ‘சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்’ என்று அதைப் படிக்கிறார்கள்.

இரண்டாவது, இதைவிடக் கஷ்டமானது. 2015 செப்டெம்பரில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை வந்தது. அரச படைகள் செய்தது அதில் இருந்தது. புலிகள் செய்ததும் இருந்தது. முன்பாதியை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைப்பது எந்தத் தமிழ்த் தலைவருக்கும் சுகமாக இருந்திருக்கும். சம்பந்தர் தலைமையில் கூட்டமைப்பு விட்ட அறிக்கை, எங்கள் பெயரால் செய்யப்பட்ட குற்றங்களையும் நாங்கள் திரும்பிப் பார்க்கவேண்டும் என்றது. அதற்கு அவருக்குக் கிடைத்த வசவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

துவக்குகள் இருந்த காலத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். 2004 விஞ்ஞாபனத்தில் புலிகளே ஏகப் பிரதிநிதிகள் என்று எழுதிக்கொடுத்த கட்சியின் தலைவர் அவர்தான். ஆனால் அவரோடு ஒரே மேடையில் இருந்தவர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். அமிர்தலிங்கம் 1989இல் கொழும்பில். தங்கத்துரை 1997இல், இதே திருகோணமலை நகரில், ஒரு பெண்கள் பாடசாலைக்குப் போய்த் திரும்பும் நேரத்தில். நீலன் திருச்செல்வம் 1999இல். எவருடைய கையால் என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தங்கத்துரை போன வெற்றிடத்தில்தான் சம்பந்தர் மீண்டும் பாராளுமன்றம் போனார். அந்தப் பயத்தோடு வாழ்ந்தவர், பயம் போன பிறகு சனத்தைக் குளிர்விப்பதற்காக வாய் மூடாமல், கசப்பானதைச் சொன்னாரே, அதை நான் மதிக்கிறேன். அறிக்கையோடு நிறுத்திவிட்டார் என்பதுதான் குறை. ஒரு கிராமத்தில், ஒரு வாசிகசாலையில், பத்துப் பேரை இருத்தி அதைப் பற்றிக் கதைக்க அவருடைய கட்சி ஒழுங்கு செய்யவில்லை.

மூன்றாவது சின்னது. 2016 ஏப்ரலில் கிளிநொச்சி பரவிப்பாஞ்சானில் இராணுவத்தின் பிடியிலிருந்த பொதுமக்களின் காணிகளைப் பார்க்க அவர் போனார். வயது 83. காணிக்காரர்களும் கூட இருந்தார்கள். முகாமுக்குள் அத்துமீறிப் புகுந்தார் என்று தெற்குப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. பொலிஸ் முறைப்பாடு வரை போனது. அறையில் இருந்தபடி கடிதம் எழுதுகிற அரசியல்வாதி என்று அவரை நாங்கள் கேலி செய்த காலம் அது. அந்த ஒரு நாள் அவர் காலால் நடந்து போனார்.

கிழக்கு மாகாண சபை விடயத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. 2012 தேர்தலில் கூட்டமைப்புக்கு 11 ஆசனம், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 2015 பெப்ரவரியில் 7 உள்ளவரிடம் முதலமைச்சர் பதவி போக, 11 உள்ளவர்கள் அமைச்சுகளோடு திருப்திப்பட்டார்கள். மட்டக்களப்பு வாசகர்கள் அன்று எழுதிய கடிதங்கள் இன்னும் சூடு ஆறாமல் கோப்பில் இருக்கின்றன. மூதூரிலும் கிண்ணியாவிலும் அயலவராக வாழவேண்டிய எங்களுக்கு அது நல்லதென்று சில நேரம் தோன்றும். கேட்டு வாங்கவேண்டியதைக் கேளாமல் விட்ட பெருந்தன்மை யாருக்கு உதவியது என்றும் தோன்றும்.

இப்படிப் பாராட்டினால் இனிமேல் விமர்சிக்கும் உரிமை போய்விடும் என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் எச்சரித்தார். தமிழ்நாட்டுக் கதை ஒன்றை அவருக்குச் சொன்னேன். 1954இல் காமராசர் முதலமைச்சராகி, குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். காங்கிரசை நெடுங்காலம் திட்டிவந்த பெரியார் அவரை ஆதரித்தார். அண்ணாவின் தி.மு.க.வும் எதிர்த்து ஆள் நிறுத்தாமல் ஆதரித்தது. ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் காமராசர் கைவிட்டது அவர்களுக்கு வேண்டியிருந்தது, அதை வெளிப்படையாக மெச்சினார்கள். 1967இல் அதே தி.மு.க., விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரை நிறுத்திக் காமராசரைத் தோற்கடித்தது. மெச்சியதும் உண்மை, தோற்கடித்ததும் உண்மை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. நண்பர் சிரித்துவிட்டு, "நீங்கள் தேர்தலில் நிற்கப் போறீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்று உறுதியளித்திருக்கிறேன்.

சல்லி அம்மாவுக்கு இந்தப் பட்டியல் போதாது என்பது எனக்குத் தெரியும். அவர் எழுதியதில் ஒரு வரி, "எங்கட கரைக்கு அவர் என்ன செய்தார் எண்டு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியேல்ல, ஆனா எங்கட ஆள்" என்றது. 2004 டிசம்பர் 26இல் அலை ஏறிய கரை அது. அந்தக் கரைக்கு எண்ணெய் விலையும் வலை விலையும் தெரிந்த ஒரு பிரதிநிதி வேண்டும். ‘எங்கட ஆள்’ என்பதற்காக மட்டும் ஒருவரைப் பாராட்ட என்னால் முடியாது அம்மா. மேலே சொன்ன மூன்றுக்காகப் பாராட்டுகிறேன்.

2024 நவம்பரில் திருகோணமலையின் நாலு ஆசனத்தில் இரண்டு தேசிய மக்கள் சக்திக்குப் போனது, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு ஒன்று. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவையும் இங்குள்ள நால்வரையும் இந்தப் பக்கம் வாரத்துக்கு வாரம் இடித்துரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த இதழுக்கு வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத அரசியல்வாதி ஒருவர் செய்த நல்ல காரியம் ஒன்றை எழுதி அனுப்புங்கள். நாள், இடம், செய்த காரியம் மூன்றும் இருக்கவேண்டும். அடைமொழி வேண்டாம். அவருடைய கட்சிக்காரர் எழுதினால் போடமாட்டோம்.

பொங்கலுக்கு வருகிறேன் அம்மா. மீன்குழம்பு கூடாத நாளென்று தெரியும், மரக்கறி போதும்.

அன்புடன்,
ஆசிரியர்