உற்பத்திக் காரணிகளும் நம் மாணாக்கரும்

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக்கு இனிப் பொதுப் பரீக்ஷை இல்லையென்று, 2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெளியான ராஜ்யக் கல்விக் கொள்கையில் தெரிவிக்கப்பட்டது. இதனால் மாணாக்கர் படிப்பில் அசிரத்தை கொள்வரென அஞ்சுவோர் பலர். நாமோ இதை ஒரு நல்ல சந்தர்ப்பமாகவே கருதுகிறோம். மார்க்குக்காகப் போதிக்கப்பட்டுவந்த பாடங்களை இனியேனும் அறிவுக்காகப் போதிக்கலாமன்றோ? அவற்றுள் முதற்கண் கவனிக்கத்தக்கது, அவ்வகுப்பின் பொருளியலில் அடங்கிய உற்பத்திக் காரணிகளைப் பற்றிய பாடமாகும்.

நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு எனக் காரணிகள் நான்கு. அவற்றுக்குரிய பலனும் வாரம், கூலி, வட்டி, இலாபம் என நான்கு. இவ்வெட்டுச் சொற்களையும் நெட்டுருப் போட்டவன் தேறிவிடுகிறான். தன் தந்தையின் கூலி ஏன் இவ்வளவு, நிலச் சொந்தக்காரரின் வாரம் ஏன் அவ்வளவு என்னும் கேள்வி மட்டும் அவன் மனத்தில் எழுவதேயில்லை. அக்கேள்வியை எழுப்பாத பொருளியற் போதனையால் பிரயோஜனம் சிறிதே என்பது நம் அபிப்பிராயம்.

நான்கு என்ற கணக்கும் வேதவாக்கன்று. ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட பெருநூலில், ஒரு பண்டத்தின் விலையைக் கூலி, லாபம், வாரம் என்று மூன்றாகவே பகுத்தார். 1890இல் ஆல்பிரட் மார்ஷல் அமைப்பையும் சேர்த்து விரித்துரைத்தார். மத்திய சர்க்காரைச் சார்ந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2006இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் மனித மூலதனத்தை நான்காவதாக வைத்தது. 2025இல் வெளியிட்ட எட்டாம் வகுப்புப் புத்தகமோ தொழில்முனைவையும் காரணியாகச் சேர்த்துள்ளது. அறிஞர்கள் காலந்தோறும் மாற்றியமைத்த கணக்கை மாணாக்கன் மாறாத சூத்திரமாக ஏன் ஒப்பிக்க வேண்டும்?

தூத்துக்குடி உப்பளத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உவர்நீரும் வெயிலும் காற்றும் இயற்கை அளிப்பவை. "நிலம் இயற்கையின் இலவசக் கொடை" என்கிறது பாடம். அங்ஙனமாயின், 1930இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்ற தொண்டர்கள், கடற்கரையில் உப்பு அள்ளியதற்காகச் சிறை புகுந்தது ஏன்? இயற்கை கொடுத்ததை 1882ஆம் வருஷத்து உப்புச் சட்டம் மறித்து நின்றது. அந்த வரி 1947இல்தான் ஒழிந்தது. கொடை யாருக்குக் கிட்டும் என்பதை நிர்ணயிப்பது சட்டமும் உரிமையுமே என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடம் கற்பிக்கும்?

உழைப்பின் கதையும் அத்தகையதே. கண்ணைக் கூசவைக்கும் வெண்மையின் நடுவே, உவர்நீரில் நின்று உப்பு வாரும் ஆண்களும் பெண்களும் மழைக்காலம் வந்ததும் வேலையிழக்கின்றனர். அம்மாதங்களுக்கென ராஜ்ய சர்க்கார் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2022இல் தொடங்கிற்று. கூலி வேலை நாளுக்கு மட்டுமே. வயிறோ வருஷம் முழுவதற்கும் உண்டு. மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. எதிர்பாராத மழையில் குவித்த உப்புக் கரைந்தால், பாத்தி கட்டவும் நீர் இறைக்கவும் கடன் வாங்கிய சிறு உற்பத்தியாளர் நஷ்டமடைகிறார். வட்டி மட்டும் கரைவதில்லை. இவ்விரு நியாயங்களையும் எடைபோடப் பழகுவதே பொருளியற் பயிற்சி.

இது பள்ளிக்கூடத்தில் அரசியலைப் புகுத்துவதாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். மாணாக்கனிடம் முடிவைத் திணித்தால் அந்த ஆட்சேபம் பொருந்தும். கணக்கைக் காட்டி, முடிவை அவன் ஆராய்ச்சிக்கு விட்டால் பொருந்தாது. கணக்கை மறைப்பதும் ஒருவகை அரசியலேயாம்.

ஆகவே, ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர்த் தொழில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். தஞ்சையில் நெல், சிவகாசியில் தீப்பெட்டி, திருப்பூரில் பின்னலாடை இருக்கின்றன. யார் எதைத் தந்தார், யார் எவ்வளவு பெற்றார், வீட்டுப் பெண்கள் கூலியின்றிச் செய்த வேலை எதில் சேர்ந்தது என்று மாணாக்கரே விசாரித்துக் கணக்கெழுதட்டும். பள்ளித் தேர்வில் பாதி மார்க்கு அக்கணக்குக்கு அளிக்கப்படட்டும். இதற்கு வேண்டிய அவகாசத்தையும் பயிற்சியையும் உபாத்தியாயர்களுக்கு அளிப்பது சர்க்காரின் கடமை.

இன்று இப்பாடம் கேட்கும் பிள்ளைகள் இரண்டொரு வருஷத்தில் வாக்குரிமை பெறுவர். பலர் கூலிக்காரராகவோ குத்தகைதாரராகவோ முதலாளியாகவோ ஆவர். தமக்குரிய பங்கு எது, பிறர்க்குரியது எது என்று அறிந்து அவர்கள் அந்நிலையை அடையவேண்டும். பரீக்ஷையின் பாரம் நீங்கிய இவ்வேளையைக் கல்வி அதிகாரிகள் வீணே கழிய விடலாகாது என்று வற்புறுத்துகிறோம்.