யூரல் மலைப் பக்கம் ஒரு கைமாத்து

சிங்காநல்லூர் உழவர் சந்தையில் கொஞ்சம் காது கொடுத்து நில்லுங்கள். தமிழ் பேசுபவர் மூணு, நாலு என்று எண்ணுவார். தெலுங்குக்கார அம்மா மூடு, நாலுகு என்பார். தேவாங்கர் வீட்டுப் பெரியவர் கன்னடத்தில் மூரு, நால்கு. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் எழுதி முடித்த சமாச்சாரம் இது. ஆர்.எஸ்.புரத்துக் குஜராத்தி வீட்டில் மூணுக்கு ‘த்ரண்’. சமஸ்கிருத ‘த்ரி’, லத்தீன் ‘த்ரேஸ்’, இங்கிலீஷ் ‘த்ரீ’ எல்லாம் அந்த வகையறா. வேறு குடும்பம்.

அந்தக் குடும்பத்துக்குப் பூர்வீகம் எது? அங்கேதான் அடிதடி. ‘எல்லாம் இங்கிருந்துதான் போச்சு, ஆரியர் வந்தது வெள்ளைக்காரன் கட்டிய கதை’ என்று உங்களுக்கும் வாட்ஸ்அப் வந்திருக்கும். அனுப்பியவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ட, ண என்று நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் ரிக் வேதத்தில் உண்டு. அதன் ஈரானியச் சகோதரி அவெஸ்தாவில் இல்லை. கிரேக்கத்தில் இல்லை, லத்தீனிலும் இல்லை. இங்கிருந்து கிளம்பியவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வழியில் தொலைத்துவிட்டார்களா?

அடுத்தது ஃபின்லாந்து. அவர்கள் மொழி அந்தக் குடும்பமே இல்லை. ஆனாலும் நூறை ‘ஸதா’ என்கிறார்கள். நம்மூரில் ‘சதம்’ அடிக்கிறோமே, அதேதான். கடன் வாங்கிய சொல். சமஸ்கிருதத்தின் பாட்டி, யூரல் மலைப் பக்கம் அவர்கள் முன்னோருக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்திருந்தால்தானே இந்தக் கைமாத்து நடக்கும்? (2010-ல் கோவை செம்மொழி மாநாட்டில் விருது வாங்கிய அஸ்கோ பர்போலா ஃபின்லாந்துக்காரர்தான். சிந்துவெளி எழுத்தில் திராவிடத்தைத் தேடியவர்.) கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் அந்த வடக்குப் புல்வெளி ஜனங்கள் இந்தப் பக்கம் வந்து கலந்தார்கள் என்று 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த மரபணு ஆய்வும் சொல்கிறது.

சரி, வந்தார்கள். உடனே எதிர் கோஷ்டி துள்ளுகிறது: ‘பார்த்தீங்களா, வந்தேறி!’ அதே மூச்சில் சந்தையில் பார்த்த தெலுங்குக்கார அம்மாவும் வந்தேறி, நெசவு நெய்தே முதுகு வளைந்த தேவாங்கரும் வந்தேறி. இவர்கள் ஆய்வில் பாதிப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள். 4,200 வருஷத்துக்கு முன்பிருந்து 1,900 வருஷத்துக்கு முன்புவரை இந்தியாவில் அநேகமாக எல்லா ஜாதியிலும் வடக்கு ரத்தமும் தெற்கு ரத்தமும் கலந்தன என்றது 2013-ல் வந்த ஆய்வு. சிலரிடம் கூடுதல், சிலரிடம் குறைச்சல், அவ்வளவுதான்.

தன் உடம்பில் இருக்கும் வந்தேறிப் பங்கை எந்த ரயிலில் ஏற்றி அனுப்பப் போகிறார் என்று அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சாளரைக் கேளுங்கள்.