எண்ணை மாற்றாதே, கோட்டை மாற்று

புனே, பெங்களூர், டெல்லி என்று எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு ஊரில் வீடு கட்டும் ஜாதி நாம். பிளான் வாட்ஸப்பில் பிடிஎஃப் ஆக வரும். பெட்ரூம் எங்கே, பூஜை ரூம் எங்கே, ஈசான்ய மூலையில் என்ன இருக்கு என்று பார்ப்போம். அந்தப் பிளானில் பொடிப்பொடியாக எழுதியிருக்கும் எண்களை யாரும் பார்ப்பதில்லை. கொத்தனார் பார்ப்பது அதை மட்டும்தான்!

பிழைப்புக்கு ஆட்டோகேட் தட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு கட்சி உண்டு. வரைபடத்தில் அளவின் மேல் கையால் வேறு எண்ணை எழுதும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும். மேட்டர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆட்டோகேடில் டைமன்ஷன் என்பது நாம் எழுதும் எண் இல்லை. இரண்டு புள்ளியைத் தொட்டால், இடையில் உள்ள தூரத்தை மென்பொருளே அளந்து எழுதும். ஆட்டோகேட் 2002 வந்தபிறகு இன்னும் வசதி. சுவரை நகர்த்தினால் அதோடு ஒட்டிய அளவும் தானாக மாறும். ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டு நம் இஷ்டத்துக்கு எதையாவது எழுதவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதுக்குப் பேர் டெக்ஸ்ட் ஓவர்ரைடு. அப்படி ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு சுவரை எங்கே தள்ளினாலும் அந்த எண் கல்வெட்டு மாதிரி அப்படியே நிற்கும்.

இதனால் என்ன ஆகும்? ஒரு கணக்கு பார்ப்போம். வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரை மொத்தம் 24 அடி. உள்ளே 9 அங்குலச் சுவர் மூன்று, ஹால் 11 அடி, பெட்ரூம் 10 அடி 9 அங்குலம். கூட்டிப் பாருங்கள், சரியாக 24 வரும். இப்போது வீட்டுக்காரர் போன் செய்து "ஹாலை 11 அரை ஆக்குங்க தம்பி" என்கிறார். சுவரை நகர்த்தி, கதவை நகர்த்தி, ஜன்னலை சரிசெய்து, எலக்ட்ரிக்கல் டிராயிங்கையும் திருத்த அரை நாள் ஆகும். எண்ணை மட்டும் மாற்றப் பத்து செகண்ட் போதும். தம்பி எதைச் செய்வார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

டிராயிங் அழகாக பிரிண்ட் ஆகி சைட்டுக்குப் போகும். வானம் தோண்டி, நூல் கட்டும்போது மேஸ்திரி கூட்டிப் பார்த்தால் 24 அடி 6 அங்குலம். இருப்பதோ 24. அந்த அரை அடியை எந்த ரூமிலிருந்து வெட்டுவது என்பதை அந்த நிமிஷம் மேஸ்திரிதான் முடிவு செய்வார். நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். போன் சைலண்ட்டில் இருக்கும் :-)

"அவசரத்துக்குத்தானே சார், எல்லா ஆபீஸிலும் செய்யறாங்க" என்று வாதாடுவார்கள். அவசரம் நியாயம்தான். பென்சில் காலத்திலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அளவுக்குப் பொருந்தாமல் எழுதிய எண்ணின் கீழே ஒரு கோடு போட வேண்டும். "இந்த எண்ணை நம்பு, படத்தை நம்பாதே" என்று அர்த்தம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தக் கோட்டையாவது போடுங்கள். ஒளித்து வைக்கிற ஓவர்ரைடுதான் குற்றம். அதே கம்பெனியின் ரெவிட் மென்பொருளில் அளவின் மேல் வேறு எண்ணை எழுதப் போனால், 'எண் கூடாது' என்று தடுத்துவிடும். (அதையும் ஏமாற்ற வழி கண்டுபிடித்த மகானுபாவர்கள் உண்டு, அது தனிக்கதை.)

அடுத்தது, நம்ம ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம். 9 அடி 6 அங்குலத்தை 9.6 என்று எழுதுவது. கொத்தனாரும் இன்ஜினியரும் இப்படியே பேசிப் பழகியவர்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு 9.6 அடி என்றால் 9 அடி 7.2 அங்குலம். 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று கொடுத்தால் இன்னும் மோசம். கடைசி சைபரை மறைக்கும் செட்டிங் இருந்தால் 10.1 என்று காட்டும், அது 10 அடி 1.2 அங்குலம். முக்கால் அடி போச்சு! அடி, அங்குலம் என்றால் இரண்டையும் குறியோடு தனித்தனியாக எழுதட்டும். இல்லையென்றால் முழுக்க மில்லிமீட்டரில் போடட்டும். ரெண்டும் கலந்த கூட்டாஞ்சோறு வேண்டாம்.

எழுத்தின் உயரமும் முக்கியம். ஏ1 தாளில் 2.5 மில்லிமீட்டர் உயரம் படிக்க வசதிதான். ஆனால் செலவு மிச்சம் என்று அதையே ஏ3 யில் பிரிண்ட் எடுப்பார்கள். எல்லாம் பாதியாகும், எழுத்து 1.25 மில்லிமீட்டர் ஆகிவிடும். உச்சிவெயிலில், சிமெண்ட் கையோடு, ஐம்பது வயதுக்காரர் அதைப் படிக்க வேண்டும். 3 எது, 8 எது என்று தெரியாது. எந்தத் தாளில் பிரிண்ட் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு டைமன்ஷன் ஸ்டைல் அமைப்பதுதான் மரியாதை. இதை அலங்காரம் என்று நினைக்கிற டிராஃப்ட்ஸ்மேன் ஒருநாள் சைட்டில் போய் நின்று பார்க்கட்டும்.

வீடு கட்டுகிற மக்களுக்கு என் சிபாரிசு மூன்றுதான்:

1. பிளான் வந்ததும் செல்போன் கால்குலேட்டரில் வரிசையாக அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். சுவர் கனத்தையும் சேர்த்து. மொத்த அளவு வரவில்லை என்றால் உடனே கேளுங்கள்.

2. ரூம் அளவு பூச்சுக்கு முன்னா, பின்னா என்று கேளுங்கள். பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் பூசினாலே ரெண்டு பக்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு அங்குலம் குறையும். இங்கிருந்து அளவு கொடுத்துச் செய்த பீரோ அங்கே நுழையாமல் நிற்பது இதனால்தான்.

3. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி போட்ட புது டிராயிங் கேளுங்கள். போனில் சொன்ன மாற்றம் படத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேட் படிக்கிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கமாண்ட் எங்கே இருக்கிறது என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பிராப்பர்ட்டீஸ் பலகையில் அந்த ஓவர்ரைடு கட்டத்தை அழித்துவிட்டால் உண்மையான அளவு திரும்ப வந்துவிடும், அவ்வளவு சுலபம். கஷ்டமானது வேறு. நாம் போடும் ஒவ்வொரு எண்ணும், முகம் தெரியாத ஒரு கொத்தனாருக்கு நாம் கொடுக்கிற வாக்கு. அவர் நம்மைத் திருப்பிக் கேட்க முடியாது. நம்பித்தான் செங்கல் வைக்கிறார்.

அரை நாள் ஆனால் ஆகட்டும். கோட்டையே மாற்றுங்கள்.